ஏழு பிள்ளையார் சுழிகளும் ஒரு சட்டமா அதிபரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தங்கையின் மகன் ரமணன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் இருக்கும் மாநிலத்தில் தேர்தல் வருகிறது. அங்கே அரசாங்கத்தின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபரைக்கூடப் பொதுமக்களே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறார்களாம். அவன் புதிதாகக் குடியுரிமை எடுத்தவன், இதுதான் முதல் வாக்கு. மூன்று பேர் நிற்கிறார்கள், மூன்று பேரும் படத்தில் ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள், யாருக்குப் போடுவது என்று என்னிடம் கேட்டான். இருபத்தெட்டு வருடம் மொன்றியல் நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்த எனக்கு உலகத்துச் சட்டத்தரணிகள் எல்லாரையும் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

எனக்குத் தெரியாது என்றேன். அவன் விடவில்லை. "அப்ப உங்கட பக்கம் சட்டமா அதிபரை ஆர் மாமா தெரிவு செய்யிறது?"

இங்கே அதற்குத் தேர்தல் இல்லை, நீதி அமைச்சராக வருபவரே சட்டமா அதிபரும் ஆவார் என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு என் வாய்க்குப் பூட்டு இல்லை. "ஆனா ஒருக்கா பிள்ளையார் தெரிவு செய்தவர்" என்று சொல்லிவிட்டேன். பிறகு அவன் சும்மா இருப்பானா? பதினாறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாத கதையை முழுதாகச் சொல்லவேண்டி வந்தது. அடுப்படியில் நின்ற என் மனைவி தவமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன், அது முடிந்த விதத்தையும் சேர்த்து.

நான் மொன்றியலுக்கு அகதியாக வந்தவன். முதல் நாலு வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன். ஐந்தாம் வருடம் நீதிமன்றத்தில் கதவு திறந்து சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுகிற வேலை கிடைத்தது. ஏழாம் வருடம் சோதனை எழுதி, நீதிபதிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கட்டுத் தாள் என்று கிளாக்கராக உட்கார்ந்தேன். நீதிமன்றத்தில் என்ன நடந்தது, யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. சாட்சிக்குச் சத்தியம் செய்துவைப்பதும் என் வேலைதான்.

எனக்கு மேலதிகாரி மடாம் கோத்தே, கிளாக்கர்களுக்கெல்லாம் தலைவி. ஐந்தடி உயரம் இருப்பார். மாரி காலத்தில் பனிச் சப்பாத்தைக் கழற்றி, பையிலிருந்து வேறு சப்பாத்து எடுத்து மாட்டி, முந்தின நாள் எழுதப்பட்ட குறிப்புகள் எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் யாருக்கும் காலை வணக்கம் சொல்வார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. குரலுக்குப் பதிலாக அதுதான்.

நான் எழுதிய முதலாவது குறிப்பை மேசையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். தாளின் உச்சியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். பார்த்தேன். பிள்ளையார் சுழி! நான் போட்டதே எனக்குத் தெரியாது. கடிதமோ, கடைச் சாமான் பட்டியலோ, சோதனைத் தாளோ, எதை எழுதத் தொடங்கினாலும் கை தானாகப் போய் முதலில் ஒரு சுழி போட்டுவிடும். அப்பாவை நாங்கள் ஐயா என்போம், அவருடைய சுழி அது. வால் நீளமாகக் கீழே இறங்கி, நுனியில் ஒரு புள்ளி இருக்கும்.

என் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். யானை முகமுள்ள ஒரு கடவுள் இருக்கிறார், எதையும் தொடங்க முன்னர் அவரை நினைத்து இப்படிப் போடுவோம், தடங்கல் வராது என்றேன். மடாம் கோத்தே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவர் நேற்று அந்த அறைக்குள் வந்தாரா?"

"இல்லை, மடாம்."

"அறையில் நடக்காத எதுவும் இந்தத் தாளில் இருக்கக் கூடாது, மெசியே குணா."

தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் முகம் சிவந்தது. கையொப்பமிட்ட குறிப்பைக் கிழிக்கிறதா? சிவப்புப் பேனாவை எடுத்து, சுழிக்குப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் எழுதினார்: 'எதையும் எழுதத் தொடங்கும்போது கிளாக்கர் வழக்கமாக இடும் மத அடையாளம். வழக்குடன் சம்பந்தமில்லை. கிளாக்கர் எச்சரிக்கப்பட்டார்.' கீழே தன் கையொப்பத்தையும் போட்டார். அந்தத் தாள் அப்படியே கீழ்த்தளத்தில் இருக்கும் பழைய கோப்பு அறைக்குப் போனது.

அடுத்த நாள் நான் பட்ட பாடு! நீதிபதி வந்து உட்கார்ந்துவிட்டார், எனக்குக் கை ஓடவில்லை. சுழி இல்லாமல் எப்படித் தொடங்குவது? கடைசியில் மேசையின் அடிப்பக்கத்தில் சுட்டுவிரலால் ஒரு சுழி போட்டுவிட்டு எழுதினேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அப்படித்தான். தாளில் சுழி போடும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று. வீட்டில் எழுதும்போதும் விரலால்தான்.

சத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்குத் தலைக்கனம் வந்தது. சாட்சி எழுந்து வலக் கையை உயர்த்துவார். உண்மையை, முழு உண்மையை, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று உறுதிகூறுகிறீர்களா என்று நான் கேட்பேன். எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேனோ! சில வருடங்களில் யார் பொய் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. உண்மை சொல்ல வந்தவர் கையைத் தூக்கிவிட்டு எங்காவது பார்ப்பார். கூரையைப் பார்ப்பார், தன் சப்பாத்தைப் பார்ப்பார். பொய்யர் மட்டும் நேராகக் கிளாக்கரைப் பார்த்துச் சிரிப்பார். புதிதாக வந்த கிளாக்கர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இனித் தேர்தலுக்கு வருகிறேன்.

அந்த முறை மாகாணத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஒரு பெண் சட்டத்தரணி நின்றார். நாங்கள் வென்றால் இவர்தான் சட்டமா அதிபர் என்று அவருடைய கட்சித் தலைவர் தொலைக்காட்சியிலேயே சொல்லிவிட்டார். எதிரே நின்றவர் பழைய உறுப்பினர், ஊரில் எல்லாத் திருமண வீட்டுக்கும் வந்து சாப்பிட்டுப் போகும் மனிதர். தேர்தல் இரவு மாகாணம் முழுதும் அந்தப் பெண்ணின் கட்சி வென்றது. எங்கள் தொகுதியில் மட்டும் அவர் தோற்றார், அதுவும் இரண்டே இரண்டு வாக்குகளால்.

இப்படி நெருக்கமாக வந்தால் நீதிபதி ஒருவர் முன்னிலையில் வாக்குகளைத் திரும்ப எண்ணவேண்டும். கிளாக்கராக என்னைப் போட்டார்கள். எங்கள் தொகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனின் பெட்டிகள் மூன்றாம் மாடியில் ஒரு சிறிய நீதிமன்ற அறைக்கு வந்து சேர்ந்தன.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நீதிபதி மெலிந்த மனிதர், அவசரமே தெரியாதவர். ஒவ்வொரு பெட்டியின் முத்திரையையும் இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளுக்கும் காட்டிவிட்டுத்தான் உடைப்பார். உள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் உறை, நிராகரித்த சீட்டுகளுக்கு ஓர் உறை. ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, விரித்து, முதலில் இடப்பக்கம் காட்டுவார், பிறகு வலப்பக்கம் காட்டுவார், பிறகு எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன். யாராவது ஆட்சேபித்தால் அந்தச் சீட்டுக்கு ஒரு தனி இலக்கம் கொடுத்துப் பச்சைத் துணி விரித்த மேசையில் வைப்பார். இரண்டரை நாள் இப்படிப் போனது. கூடுதல் குறைவு எல்லாம் சரிக்குச் சரியாகி, வித்தியாசம் அதே இரண்டில் நின்றது.

மூன்றாம் நாள் பின்னேரம் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெட்டி வந்தது. எங்கள் வீட்டு வாக்குகளுக்குரிய அதே பெட்டி. நிராகரித்த உறையிலிருந்து நீதிபதி ஏழு சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். ஏழிலும் ஒரே வட்டத்துக்குள் இரண்டு குறிகள். கீழே வாக்குக்குரிய புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, அதற்கு மேலே பென்சிலால் சின்னதாக ஒரு சுருள்.

அதே பள்ளிக்கூடத்தின் பக்கத்து மேசைப் பெட்டியிலும் அதே மாதிரி நாலு சீட்டு இருந்தது. வாக்களிப்பு நாளில் அந்த மேசையில் இருந்த அதிகாரி எதையும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார். இந்த மேசையில் இருந்தவர் கண்டிப்பானவர், ஏழையும் தள்ளிவிட்டார். வாக்காளர் யாரென்று காட்டிக்கொடுக்கும் குறி எதுவும் சீட்டில் இருந்தால் அது செல்லாது என்பது சட்டம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் சனங்களே, வாக்குச் சீட்டிலுமா பிள்ளையார் சுழி? வாக்குப் போடுவதும் ஓர் எழுத்து வேலைதானே, பென்சிலைக் கையில் கொடுத்தால் சும்மா விடுவார்களா? எங்களுடைய கத்தோலிக்கர்களும் எழுதத் தொடங்கும்போது தாளில் சின்னச் சிலுவை போடுகிறவர்கள்தான். அவர்கள் தப்பிவிட்டார்கள், ஒரு புள்ளடிக்கு மேல் இன்னொரு புள்ளடி என்று யாரும் கவனிக்கவில்லை.

என் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. பழைய உறுப்பினருக்காக வந்த சட்டத்தரணி எழுந்தார். கழுத்துப்பட்டியை வண்ணத்துப்பூச்சி போல வில் முடிச்சாகக் கட்டியிருந்தவர். ஏழு பேர் தற்செயலாக ஒரே வடிவத்தைப் போட முடியாது, இது பேசிவைத்த இரகசியக் குறி, இந்த வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டவை, சொன்னபடி போட்டோம் என்று காட்டத்தான் இந்தக் குறி என்றார். ஏழு சீட்டையும் தள்ளுவதோடு நிற்காமல், அந்தச் சுற்றுவட்டாரத்துத் தமிழ் வாக்குகள் எல்லாவற்றையும் விசாரிக்கவேண்டும் என்றும் கேட்டார்.

எனக்கு உடம்பு பற்றியெரிந்தது. கிளாக்கர் வாய் திறக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் நான் திறந்ததில்லை. அன்று என்னை அறியாமல் எழுந்து நின்றேன். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மெசியே கிளாக்கர், உங்களுக்குச் சுகமில்லையா?"

"அந்தக் குறி என்னவென்று எனக்குத் தெரியும், ஐயா. நானும் அந்தத் தொகுதி வாக்காளன். இனி நான் இந்தக் கதிரையில் இருக்கக் கூடாது."

சிறிது நேரம் கசமுசாவென்று பேச்சு. வெளியிலிருந்து நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டால் நாட்கள் போகும், மாகாணம் காத்திருக்கிறது என்று சொல்லி, இரண்டு பக்கமும் என்னைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டன. என் கதிரைக்கு மெலானி என்ற இளம் கிளாக்கர் வந்தாள். நானே வேலை பழக்கிய பிள்ளை. நான் சாட்சிக் கூண்டுக்குப் போனேன். அவள் கேட்டாள், நான் வலக் கையைத் தூக்கி உறுதிகூறினேன். நீதிமன்றத்தில் சாட்சியாக நான் செய்த முதல் சத்தியம் அது.

பிள்ளையாரில் தொடங்கி எல்லாம் சொன்னேன். இது எங்கள் சைவச் சனங்களின் பொது வழக்கம், மின்சாரக் கட்டணச் சீட்டில்கூடப் போடுவார்கள் என்றேன். வில் முடிச்சுக்காரர் சிரித்தார். இவரும் தமிழர், தன் சமூகத்தைக் காப்பாற்ற இன்றைக்குக் கட்டிய கதை, இதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

ஆதாரம்! எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இருக்கிறது, இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்றேன்.

இருபது நிமிடத்தில் மடாம் கோத்தே தானே கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலங்கியெல்லாம் தூசி. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய என் முதலாவது குறிப்பை நீதிபதியின் முன்னால் வைத்தார். உச்சியில் ஐயாவின் சுழி, பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய எழுத்து. நீதிபதி அதைச் சத்தமாக வாசித்தார். 'எதையும் எழுதத் தொடங்கும்போது கிளாக்கர் வழக்கமாக இடும் மத அடையாளம். வழக்குடன் சம்பந்தமில்லை.' யாரோ பின்னால் சிரித்தார்கள். மடாம் கோத்தே மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குறிப்பு இப்போது திருத்தத்துக்கு உரியது என்று நீதிபதியிடம் பணிவாகச் சொன்னார். வழக்குடன் சம்பந்தம் வந்துவிட்டதாம்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிற நேரம் அப்போதுதான் வந்தது. வில் முடிச்சுக்காரர் ஏழு சீட்டுகளையும் என் முன்னால் வரிசையாக வைக்கச் சொன்னார். கிளாக்கர் மேசையிலிருந்து நான் அவற்றைத் தூரத்தில்தான் பார்த்திருந்தேன்.

"நீங்கள் அந்தத் தெருவாசி. இந்த மக்களை அறிவீர்கள். இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்து, இது இன்னார் போட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா? பெயர் வேண்டாம். முடியுமா, முடியாதா?"

முதலாவது, குண்டாக ஒரு சுழி. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைப் பார்த்தேன். நீள வால், நுனியில் புள்ளி. எங்கள் ஐயாவின் சுழி!

நான் போட்டதில்லை. தேர்தல் நாள் காலை, வாக்குப் போடும் மேசையின் மறைப்புப் பலகையில் விரலால்தான் போட்டேன். ஐயா காலமாகிவிட்டார். இந்த மொன்றியலில் அந்த வாலைப் போடுகிற ஆள் இன்னும் ஒருத்திதான். கலியாணம் முடித்த புதிதில் என்னை நக்கலடிப்பதற்காக என் சுழியைப் பார்த்துப் போடத் தொடங்கி, பிறகு அதுவே கைப்பழக்கமாகி, கடைச் சாமான் பட்டியல் முதற்கொண்டு அப்படியே போடுகிற என் மனைவி தவம். அன்று பின்னேரம் "போட்டிட்டன்" என்று வந்து சொன்னவளும் அவள்தான்.

இன்னுமொன்றையும் பார்த்தேன். அந்தப் புள்ளடி நான் போட்ட வட்டத்தில் இல்லை. மற்ற ஆளின் வட்டத்தில் இருந்தது.

ஆம் என்றால் அந்தச் சீட்டு செல்லாது, என் பெண்சாதியின் வாக்கை நானே அழித்தவனாவேன். ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்றால் ஏழையும் கண்டுபிடிக்கலாம் என்று மற்றவையும் போகும், விலைக்கு விற்றவர்கள் என்ற பெயர் எங்கள் தெருவுக்கு நிலைக்கும். இல்லை என்றால் அது பொய். எத்தனை ஆயிரம் பேரிடம் உண்மையைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சத்தியம் வாங்கியவன் நான்.

"முடியாது" என்றேன்.

சொல்லும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நேராக மெலானியை. சிரித்துக்கொண்டு.

நீதிபதி தீர்ப்பை எழுதி வாசித்தார். ஒரு சமூகம் முழுவதும் போடும் குறி தனி ஒருவரைக் காட்டிக்கொடுக்காது, ஆகவே ஏழும் செல்லும். பக்கத்துப் பெட்டியின் நாலும் இரண்டுக்கு இரண்டாக இரு பக்கமும் பிரிந்திருப்பதால் விலைக்கு வாங்கினார்கள் என்ற கதையும் நிற்காது. ஏழில் ஐந்து அந்தப் பெண் சட்டத்தரணிக்கு, இரண்டு பழைய உறுப்பினருக்கு. இரண்டு வாக்கால் தோற்றவர் ஒரு வாக்கால் வென்றார். பத்தாம் நாள் சட்டமா அதிபராகப் பதவியேற்றார்.

தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. கோயிலில் கூப்பிட்டு முதல் பிரசாதம் தந்தார்கள். நான் அதைச் சாப்பிடாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நீதிமன்றத்துக்கு வரும் சுற்றறிக்கை ஒவ்வொன்றின் அடியிலும் புதிய சட்டமா அதிபரின் கையொப்பம். ஒரு பொய்ச் சத்தியத்தில் ஏறியவர் என்று எனக்கு மட்டும் தெரியும் என நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பொய்யரைக் கண்டுபிடிக்கும் வித்தையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சாட்சி கை தூக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தவத்திடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? ஒருவர் யாருக்குப் போட்டார் என்று கேட்பதே பிழை, கிளாக்கருக்கு அது இன்னும் பெரிய பிழை. அவள் ஓம் என்று சொல்லிவிட்டால் பொய் உறுதியாகிவிடும். அதனால் பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டு வேவு மட்டும் பார்த்தேன். தொலைக்காட்சியில் பழைய உறுப்பினர் வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் "இந்த மனிசன் மெலிஞ்சு போச்சு" என்று அவள் இரக்கப்பட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. என் வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி! அன்று இரவு கோபத்தில் இரண்டு தோசையோடு எழும்பிவிட்டேன்.

இவ்வளவையும்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ரமணனுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனதில் மூன்றாவது சீட்டின் வாலையும் சொல்லிவிட்டேன். அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"என்ர வாக்கோ?" தவம் வந்து கதவடியில் நின்றாள். "அண்டைக்கு நான் வோட் போடப் போகவே இல்லையே."

எனக்குக் கேட்டது புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

அன்று அவள் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில், அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாளாம். சீனி அரியதரம் சரிவரவில்லை, திரும்ப மாக் குழைத்ததில் பிந்திவிட்டது. பாலத்தில் வாகன நெரிசல். பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது கதவைப் பூட்டிவிட்டார்கள்.

"பேந்து ஏன் போட்டிட்டன் எண்டு சொன்னனீர்?"

"உண்மையைச் சொன்னா விடுவியளோ? ஊரில வோட் போட விடாமல் ஓடிவந்தனாங்கள், இஞ்ச கிடைச்ச உரிமையை அரியதரத்துக்கு வித்துப்போட்டீர் எண்டு ஒரு கிழமைக்கு நிண்டு பிரசங்கம் வைப்பியள்."

வைத்திருப்பேன். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வால்? அந்தப் புள்ளி? அது எங்கள் குடும்பத்துச் சுழி ஆயிற்றே என்றேன். தவம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தக் கட்டடத்தில அரைவாசிப் பேருக்கு ஃபோம் நிரப்பிக் குடுத்தது ஆர்? நான்தானே. மேல்மாடி அக்கா, கீழ கமலா, முன்வீட்டு மாமி, எல்லாரும் என்ர சுழியைப் பார்த்துத்தான் அப்பவே அப்பிடிப் போடத் தொடங்கிட்டினம். அதில ஆர் போட்டதெண்டு பிள்ளையாருக்குத்தான் தெரியும்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அந்தச் சீட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல என்னால் முடியாதுதானே? முடியாது என்றுதானே சொன்னேன்! பொய் என்று நினைத்துக்கொண்டு நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். நீதிபதி சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. பதினாறு வருடம் குனிந்த தலை வீணாகக் குனிந்திருக்கிறது. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தொலைபேசிக்குள் ரமணன் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆனா ஒண்டு" என்றாள் தவம். "நான் போயிருந்தா அந்த மனிசனுக்குத்தான் போட்டிருப்பன். பாவம், எங்கட கலியாண வீட்டுக்கும் வந்தவர்."

அவள் போட்டிருந்தால் இருவருக்கும் சரிசமம் வந்திருக்கும். மாகாணத்துக்குச் சட்டமா அதிபரைத் தந்தது பிள்ளையார் மட்டுமில்லை, சரிவராத அரியதரமும்தான். இனி என் வாக்கு எது என்று வாசிக்கிற நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பரவாயில்லை. யாருக்கென்றாலும் போடு, ஆனால் நேரத்துக்குப் போ என்று ரமணனுக்குச் சொன்னேன்.

தொலைபேசியை வைத்த பிறகும் எனக்கு மனம் அடங்கவில்லை. பழக்க தோஷம். தவத்தைப் பார்த்து, மெய்யாகவே அன்று போகவில்லையா, உண்மையை, முழு உண்மையை, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை என்று உறுதிகூறுவீரா என்று பிரெஞ்சிலேயே கேட்டேன். அவள் அகப்பையோடு வலக் கையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் கொதிக்கிற குழம்பைப் பார்த்தபடி, சிரிக்காமல், "ஓம்" என்றாள்.